எல்லா நாளும் நான்கு

குட்டாய்ஸி சந்தைக்குப் பின்தெருவில்
நுக்ஸாரின் பாலாடைக்கட்டிக் கிடங்கு.
போன வருடம் வரை
அந்தக் கதவில் முத்திரை ஒட்டும் பக்கம் நின்றேன்.
இந்த வருடம்
முத்திரை விழாமல் பார்த்துக்கொள்ளும் பக்கம்.
அதே தெர்மாமீட்டர், அதே வெள்ளை அங்கி.
கூலி தருபவர் மட்டும் மாறியிருக்கிறார்.
அதை அவரும் மறப்பதில்லை, நானும் மறப்பதில்லை.

"வாங்க டோடோ" என்கிறார்.
முன்பெல்லாம் எழுந்து நின்று "அம்மணி" என்பார்.
இப்போது உட்கார்ந்தபடியே பெயர் சொல்கிறார்.
இதைப் பதவி உயர்வு என்றே கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பெரிய கனவோடு வந்தவள் இல்லை நான்.
பால் பரிசோதனைக் கூடத்தில்
குப்பி கழுவ ஆள் கேட்டார்கள், போனேன்.
கழுவிய தட்டுகளில் ஒருநாள்
கழுவ மறந்த தட்டு ஒன்று இருந்தது.
வெள்ளைப் புள்ளிகள், பக்கத்தில் மஞ்சள் புள்ளிகள்,
யாரையும் கேட்காமல் குடியேறிய ஒரு நகரம்.
அன்றிரவே விண்ணப்பப் படிவம் வாங்கினேன்.
சட்டத் தாளில் ஒருமுறை தோற்றேன்.
இன்று அதையே விற்றுப் பிழைக்கிறேன்.

பதிவேட்டை நீட்டுகிறார் நுக்ஸார்.
உறை போட்ட நோட்டு. கோடுகள் ஸ்கேல் வைத்து.
ஜூன் ஒன்று, நான்கு டிகிரி.
ஜூன் இரண்டு, நான்கு.
காலை நான்கு, மாலை நான்கு,
ஒரே நீல மை, ஒரே சாய்வு.
ஒரே மூச்சில் எழுதி முடித்த கோடைகாலம்.

ஜூலை பதினேழில் விரல் வைத்தேன்.
அன்று ரியோனி ஆற்றின் இருகரையும் இருட்டு,
பதினோரு மணி நேரம்.
என் வீட்டு ஃப்ரிட்ஜ்
சமையலறைத் தரையில் ஓர் ஓடையே விட்டது.
இங்கே மட்டும் நான்கு.

"ஐந்து என்றால் அபராதம் வருமோன்னு..."
ஸாஸா சுவரோடு சுவராக நிற்கிறான். வயது பத்தொன்பது.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
ஏட்டுக் குளிரும்தான்.
கிருமிக்கு எழுத்து வாசிக்க வராது,
ஒன்றை இரண்டாக்கும் கணக்கு மட்டும் வரும்.

தெர்மாமீட்டரை அவன் கையில் கொடுத்தேன்.
இரண்டு கட்டிகளுக்கு நடுவே செருகினான்.
காத்திருந்தோம்.
மோட்டார் இருமியது.
"ஏழரை" என்றான்.
சொன்னதும் அறைக்குள்
சனியே வந்து முக்காலி போட்டு உட்கார்ந்தது போலிருந்தது.

கதவின் ரப்பர் கிழிந்திருந்தது,
என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு.
இருபத்திரண்டு லாரி. அவ்வளவுதான் அதன் விலை.

"எப்போதிருந்து ஏழரை?" என்று கேட்டேன்.
அதற்குப் பதில் அந்த நோட்டில் இருந்திருக்க வேண்டும்.
முந்தாநாள் ஐந்தரை என்று யாராவது எழுதியிருந்தால்
முந்தாநாளிலிருந்து வந்த தட்டுகள் மட்டும் போயிருக்கும்.
எல்லா நாளும் நான்கு என்பதால்
எல்லாத் தட்டும் போகிறது.

நாற்பத்தாறு கிலோ.
நுக்ஸார் ஒவ்வொன்றையும் தானே தூக்கினார்,
உப்புநீர் முழங்கை வழியே சொட்ட.
குப்பையிலிருந்து யாரும் எடுத்துத் தின்னாதபடி
மேலே சாயம் ஊற்றினோம்.
நீலம்தான் கிடைத்தது.
பதிவேட்டின் அதே நீலம், ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை.

"முன்னே மாதிரி முத்திரையே வச்சிருக்கலாம் நீங்க" என்றார்.
"வச்சிருந்தா ரப்பர் கிழிஞ்சது தெரிஞ்சிருக்காது."
பதில் சொல்லாமல் கை கழுவினார்,
நான் சுவரில் ஒட்டிய படத்தில் உள்ளபடி,
விரலிடுக்கெல்லாம், இருபது விநாடி,
கோபத்தோடு.

இந்த மாதக் கூலியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
இருந்தாலும் கேட்டேன்.
பாதி தந்தார்.

மறுநாள் காலை ஏழு பத்துக்கு
ஸாஸா ஒரு படம் அனுப்பியிருந்தான்.
புது நோட்டு. கோணலாகப் போட்ட கோடு.
மூன்று புள்ளி எட்டு.
கீழே, அடித்துத் திருத்திய ஓர் ஐந்து,
பக்கத்தில் பொடி எழுத்தில்:
"சரக்கு இறக்கினோம். கதவு ரொம்ப நேரம் திறந்திருந்தது."
அதற்கும் கீழே
ஈரக் கட்டைவிரலின் ரேகை.