கோபுரம் அனுமதி தருவதில்லை

சுங்கை மெராந்தியில் கோபுரம் ஒன்றே ஒன்று.
மாரியம்மனுடையது.
கும்பாபிஷேகத்துக்கு அடித்த பச்சையும் மஞ்சளும்
ஆயிரம் அடியிலிருந்து பார்த்தால்
செம்பனைக் காட்டில் யாரோ மறந்து வைத்த
பலகாரப் பெட்டி.
அதைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்ப வேண்டும்,
பிறகு இன்னொரு இடது, பிறகு தரை.
கோபுரத்தால் எனக்குப் பயன் அவ்வளவுதான்.
இறங்கு என்று அது யாரிடமும் சொல்வதில்லை.
பொறு என்றும் சொல்வதில்லை.

தொள்ளாயிரம் மீட்டர் செம்மண்.
இந்த முனை பதினான்கு, அந்த முனை முப்பத்திரண்டு.
நடுவில் ஒரு மேடு:
இங்கே நிற்பவனுக்கு அங்கே நிற்பவன்
தொப்பிதான் தெரிவான்.

என்னுடையது உரம் தூவும் விமானம்.
நடைக்கு ஐந்நூறு கிலோ யூரியா,
காலைக்குப் பதினொரு நடை,
ஒவ்வொரு நடைக்கும் ஐந்து தடவை
யாருமில்லாத அலைவரிசையில்
நான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்.
"சுங்கை மெராந்தி, ராமியோ தாங்கோ,
பதினான்குக்கு இடது வட்டம்."
பதில் வராது. வராமல் இருப்பதே நல்லது.
"நாள் முழுக்க யாருகிட்டதான் பேசுற?"
என்பார் வீட்டுக்காரர்.
யாராவது இருந்தால், அவரிடம்.

அன்று மழை விட்ட காலை.
காற்றுப்பை
கொடியில் போட்ட ஈரக் கைலியாகத் தொங்கியது.
காற்று ஒரு திசையில் அடித்தால்
அதன் முகத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் இறங்குவோம்.
வழக்கே இல்லை.
அது சும்மா கிடக்கும் நாளில்
இந்த முனையும் சரி, அந்த முனையும் சரி.
இரண்டு பேரும் சரியாக இருந்துகொண்டே
மேட்டின் நடுவில் சந்திக்கலாம்.

கடைசித் திருப்பம்.
பொத்தானை அழுத்தினேன், சொன்னேன், விட்டேன்.
அமைதி.
தினமும் வருகிற அதே அமைதி.

அப்புறம் திலகன்.
உரமூட்டை ஏற்றுகிறவன், இடுப்பில் கைப்பெட்டி.
அவனும் கோபுரம் இல்லை.
உத்தரவு போட அவனுக்கு உரிமை இல்லை,
போடவும் இல்லை.
"அக்கா, வெறும் கீச்சுனுதான் கேட்டுச்சு.
ரெண்டு பேரு ஒண்ணாப் பேசுன மாதிரி."

ரெண்டு பேர்.

இந்தப் பெட்டியில் பேசுகிற வாய்க்குக் காது கிடையாது.
விரல் பொத்தானில் இருக்கும்வரை
உலகத்தில் நான் ஒருத்திதான்.
எதிர்முனையிலும் ஒருத்தி
நான் தொடங்கிய நொடியில் தொடங்கி
நான் முடித்த நொடியில் முடித்து
தனக்கும் யாரும் இல்லை என்று
நிம்மதியாக இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

கேள் என்றால் வினவு. கேள் என்றால் செவி கொடு.
ஆறாம் வகுப்பில் இதைப் படித்தபோது
ஒரு சொல்லுக்கு ரெண்டு ஆள் வேலையா,
தோட்டத்துச் சம்பளம் மாதிரி, என்று சிரித்திருக்கிறேன்.

கேட்டேன்:
முப்பத்திரண்டில் யாராவது வருகிறீர்களா?
விரலை எடுத்தேன்.
கேட்டேன்.

சின்னக் குரல். ஆங்கிலம். கொஞ்சம் நடுக்கம்.
முப்பத்திரண்டு, நேர் இறக்கம், ஒரு மைல்.

யார் முந்தி என்று பார்க்க நேரமில்லை.
நீ இறங்கு, நான் மேலே போகிறேன், என் வலப்பக்கம்.
விசையை முழுக்கத் தள்ளினேன்.
காலி வயிற்றோடு விமானம் எழும்பியது,
பனங்குலைகள் கீழே சரிந்தன,
இடது இறக்கைக்கு அடியில்
ஒரு வெள்ளை செஸ்னா,
மூக்கைக் கொஞ்சம் தூக்கியபடி
தன் நிழலைத் தொடப் போய்க்கொண்டிருந்தது.

பெயர் இயூ சின் லிங். வயது பத்தொன்பது.
ஈப்போவிலிருந்து தனியாக முதல் நெடும்பயணம்.
திலகன் வாங்கிவந்த மைலோ பொட்டலத்தை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு,
"நான் பேசினேன், அக்கா. உண்மையாகவே பேசினேன்"
என்றாள் மலாயில்.
நானும்தான், என்றேன்.

இப்போதெல்லாம் பொத்தானுக்கு முன்
மனசுக்குள் இரண்டு எண்ணிக் காத்திருக்கிறேன்.
போன வாரம் லிங் செய்தி அனுப்பியிருந்தாள்:
தானும் அப்படியே பழகிவிட்டாளாம்,
சரியாக இரண்டு.

உடனே பதில் போட்டேன்,
நான் இனி மூன்று.