மியேபே பாலா?

பள்ளிப் பதிவேட்டில் நான் மே தாசின்.
வீட்டில் வடிவழகி.
தெருப் பையன்களுக்கு மட்டும் பாலா.

மியேபே பாலா?
நிலக்கடலை இருக்கா இதில்?
எந்தக் கடையில் உட்கார்ந்தாலும்
தண்ணீருக்கு முன்னால் நான் கேட்கும் பர்மியக் கேள்வி.
அதன் வாலை அறுத்து
எனக்குப் பெயராகக் கட்டிவிட்டார்கள்.

மோல்மீனில் கடலை இல்லாதது எது?
எண்ணெயில் இருக்கும். நூடுல்ஸ் மேல் பொடியாக இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு முறை
கேட்காமல் தின்று பார்த்தேன்.
பத்து நிமிஷம் எல்லோரையும் போல இருந்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
பிறகு உதடு எனக்கு முன்னால் நடந்தது,
கண் இரண்டும் தையல் போட்ட மாதிரி.
ஊசி குத்தும் முன்பே
எல்லோர் போனிலும் நான்.

சு மியாதான் எடுத்தாள் என்று
அவளிடம் பேச்சை நிறுத்தினேன்.
மாதம் கழித்து லபே தட்டோடு சமாதானத்துக்கு வந்தாள்,
நீட்டினாள்,
கடலையைப் பார்த்தாள்,
வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.
பாதிச் சமாதானம். அப்படியே இரண்டு வருஷம்.

அன்றிலிருந்து தனாக்காவைக் கனமாகப் பூசுகிறேன்,
தடிப்பு இல்லாத நாளிலும்.
வெயிலா என்கிறார்கள். ஆமாம், வெயில்.

அப்பாவுக்கு எண்ணெய் மில்லில் மூட்டைக் கணக்கு.
குழாயடியிலேயே சட்டையைக் கழற்றி
நகக்கண் வரை சோப்பு போட்டுத்தான்
வாசலைத் தாண்டுவார்,
சந்நிதிக்குள் வருகிறவர் போல.
நான் சாமி இல்லை அப்பா,
யாருக்கு யார் தீட்டு இங்கே
என்று ஒரு நாள் கத்தினேன்.
ஈரக் கையோடு நின்றார்.
துண்டு எங்கே என்றார்.

போன வாரம் எவனோ அந்தப் படத்தை மறுபடி அனுப்பினான்.
அழிக்கப் போன விரல் பெரிதாக்கிவிட்டது.
என் வீங்கிய கன்னத்துக்குப் பின்னால், மங்கலாக,
சு மியா.
செருப்பில்லாமல்,
என் பையை நெஞ்சோடு அணைத்து,
வாய் பிளந்து யாரையோ கூப்பிட்டபடி.

இந்தப் படத்தில்
என்னைத் தவிர யாரையும் நான் பார்த்ததே இல்லை.

இன்று ஆற்றோர டீக்கடை.
நான் வாயைத் திறக்கும் முன்
அவள் கடைக்காரனிடம் கேட்டாள்:
மியேபே பாலா?
அவன் தலையைச் சொறிந்தான்.
கொஞ்சம் இருக்கும், என்றான்.

எழுந்தோம்.
அடுத்த கடை கொஞ்ச தூரம்.