பூஜ்ஜியம் வெட்டுகிறவன்

சவன்னகேத்தில், ஆற்றோரச் சந்தைக்குப் பின்னால்
எண்கள் வெட்டி விற்கிறேன்.
சிவப்பு வினைல், மஞ்சள் வினைல்,
ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா அளவிலும்.
பூஜ்ஜியம்தான் முதலில் தீர்ந்துபோகிறது.

முன்பெல்லாம் கல்யாண வளைவுக்குப் பெயர் கேட்பார்கள்,
படகுப் பந்தயத்துக்குக் கொடி கேட்பார்கள்.
இப்போது வருகிறவர் எல்லோருக்கும்
விலை மட்டும் போதும்.

நூடுல்ஸ் கடை லத்சமி
பழைய பூஜ்ஜியங்களை விட்டுவிட்டு
முன்னால் நிற்கும் எண்ணை மட்டும் மாற்றச் சொன்னாள்,
சிக்கனமாம்.
வெயிலில் வெளிறிய மூன்று பூஜ்ஜியத்தின் பக்கத்தில்
புது நாலு பளீரென்று நின்று
அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.
அதனால் மறுபடி எல்லாவற்றையும் சேர்த்தே ஒட்டினோம்.

அவள் பலகையை விரலால் தடவினால் மேடு தட்டும்.
ஒரு மதியம் கத்தி முனையால் சுரண்டினோம்.
நாற்பதாயிரம் கிப்புக்கு அடியில் முப்பத்திரண்டு,
அதற்கும் அடியில் இருபத்தைந்து,
பலகையோடு பலகையாக, பதினைந்து.
"அப்போ கறியும் கூடத்தான் போட்டேன்" என்றாள்,
அங்கே இல்லாத யாரிடமோ
மன்னிப்புக் கேட்பதுபோல.

மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பதாகை செய்தேன்:
சிக்கனமே நாட்டின் பலம்.
ஆறு மீட்டர், துணியில், ஓரம் தைத்து.
நாலு மாதம் கழித்துப் பணம் வந்தது.
எண்ணிப் பார்த்தேன், ஒரு கிப் குறையவில்லை.
அதுதான் சிக்கல்.

காலையில் கம்பத்து ஒலிபெருக்கி
தேசப் பணத்தில் மட்டுமே விலை எழுதச் சொல்கிறது.
பெட்சமோன் தலையாட்டிக்கொண்டே
அரிசிக் கூடைக்கு அடியில் பாட் நோட்டுகளை எண்ணுகிறாள்.
வினைல் சுருள் அக்கரையிலிருந்து வருகிறது.
அக்கரைக்காரன் கிப்பை
இரண்டு விரலால் வாங்கி, திருப்பிக் கொடுக்கிறான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
போடலாம்.
படியே தினம் சுருங்கினால்
எதை வைத்து அளப்பது?

பிற்பகல் மூன்றுக்கு வெட்டும் இயந்திரம் நின்றுபோகும்,
பாதி எட்டோடு.
கூரைக்கு மேல் கம்பிகள் முனகிக்கொண்டே
மீகாங்கைத் தாண்டுகின்றன.
எங்கள் அணை, எங்கள் தண்ணீர்,
விளக்கு முக்தஹானில்.
கடனுக்காக விற்கிறோமாம்.
யாரிடம் பட்ட கடன் என்று கேட்டால்
வடக்கே ரயில் போகும் திசையைக் காட்டி
கையை உடனே பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

கணக்கு வாத்தியார் சூக்சவன்
'வீடு வாடகைக்கு' என்று ஒரு பலகை கேட்டு வந்தார்.
கடைசி வகுப்பில் ஒரு கணக்குப் போட்டாராம்:
அக்கரை ஐஸ் ஆலையில் கட்டி சுமக்கும் ஒருவன்
ஆசிரியரின் மாதச் சம்பளத்தை
எத்தனை நாளில் சம்பாதிப்பான்?
விடை பதினொன்று.
சரியாகச் சொன்ன பையனுக்கு
எல்லோரும் கைதட்டினார்களாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.
எழுத்துக்கூலியைக் குறைத்துக்கொண்டேன்,
எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

பாலம் தாண்டும் பேருந்தில்
அவர் கையில் குடை மட்டும் இருந்தது.
ஐஸ் ஆலைக்குக் குடை எதற்கு?
கேட்க நினைத்தேன், பேருந்து நகர்ந்துவிட்டது.

நேற்று லத்சமி கரும்பலகைக்கு மாறிவிட்டாள்.
சாக்பீஸ் மலிவு, துடைத்தால் போயிற்று.
அவள் பக்கம் நியாயம்தான்.
என் வாரத்துக் கணக்கில் ஒரு வரி போயிற்று, அதுவும் நியாயம்தான்.
ஆனால் பூஜ்ஜியங்களைக் கோணலாக எழுதியிருந்தாள்,
நசுங்கிய முட்டைகள் மாதிரி.
தாங்கவில்லை எனக்கு.
உள்ளங்கையால் அழித்து, உருண்டையாக எழுதிக் கொடுத்தேன்.
காசு வேண்டாம் என்றேன்.
கிண்ணத்தை நீட்டினாள்.

வெள்ளை படிந்த விரல்களோடு உட்கார்ந்து
கறியை எண்ணாமல் சாப்பிட முயன்றேன்.

நாலு துண்டு.