ஒன்பது பதினொன்று

என் இயந்திரத்தில் இருபத்திரண்டு விசைகள்.
பெருமூச்சுக்கு ஒன்றுமில்லை.
பத்தொன்பது ஆண்டுகளாக
டுலூத் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மூன்றாம் மாடியில்
நீதிபதி ஐலா ரஹ்கோலா சொன்னதையெல்லாம்
சொல் சிந்தாமல் பதிந்தவள் நான்.
சொல்லாததை எழுதுவது
இதுதான் முதல் தடவை.

நாளிதழ்கள் அவர் பெயரைத் தனியாக விட்டதில்லை.
இன்ன அதிபர் நியமித்த, என்றே தொடங்கும்.
அந்த அதிபர் பதவியிறங்கி, நூலகம் கட்டி,
கோல்ஃப் ஆடிக் கிழவரானார்.
இவரை ஒட்டிக்கொண்டது
பெறாத தகப்பனின் முன்னெழுத்து.

ஏரிக்குப் போகும் ஓடையில்
சுரங்கக் கழிவு கலக்கக் கூடாது என்றார்.
வாசலில் காறித் துப்பினார்கள் தொழிலாளிகள்.
அதே சுரங்கத்தில்தான்
அவர் அப்பா நுரையீரலைத் தொலைத்தார்.
அடுத்த ஆண்டு, எண்ணெய்க் குழாயை மறித்த பிள்ளைகளுக்கு
எட்டு மாதம்.
இப்போது மறுதரப்பு.
வரும் கடிதங்களை மார்ஷல் கையுறை போட்டுப் பிரிப்பார்:
விலைபோனவள், விலைபோனவள்.
இரண்டு கட்சிக்கும் ஒரே எழுத்துப்பிழை.
மத்தளத்துக்காவது அடிப்பவன் ஒருவன்,
கொஞ்சம் தாளமும் இருக்கும்.

வாக்காளர் பட்டியல் வழக்கு ஜனவரியில் வந்தது.
நாற்பத்தோராயிரம் பெயர்களை மாநிலம் அடித்திருந்தது.
படியுங்கள், என்றார் அரசு வழக்கறிஞரிடம்.
எங்கிருந்து, மாண்புமிகு நீதிபதி?
எங்கிருந்தாவது.
ஹவிஸ்டோ, மார்தா. ஹாக்லண்ட், ஆர்வில்.
ஹெட்பெர்க், இரண்டு பேர். ஹில்யர்...
பன்னிரண்டு நிமிடம் படித்தார்.
குரல் கம்மிப்போய்த் தண்ணீர் கேட்டார்.
என் விரல்களுக்கு யாரும் தண்ணீர் தருவதில்லை.

மாலையில் தீர்ப்பு: அத்தனை பெயரும் திரும்பட்டும்.
மேல்முறையீட்டில் அது நாலு வரியில் கவிழ்ந்தது,
பிறகு நிமிர்ந்தது. அது பெரிய கதை.

அன்றிரவு பதினான்கு அங்குலம் பனி.

பதினைந்து குளிர்காலமாக
ஆர்வில் ஹாக்லண்டின் பனிவாரி வண்டி
கேட்காமலே அவர் வாசலைத் துடைத்துவிட்டுப் போகும்.
ஒரு ருபார்ப் பை, கிறிஸ்துமஸுக்கு. அவ்வளவுதான் கணக்கு.
அன்று காலை
அவர் வாசல் வந்ததும் தகடு மேலே எழுந்தது.
தாண்டியதும்
மறுபடி தரையில் இறங்கியது.
தெருமுனைக் காரில் காவலிருந்த மார்ஷல்
காபிக் குவளையோடு பார்த்ததை
எனக்கு மட்டும் சொன்னார்.
உதவட்டுமா என்று இறங்கியிருக்கிறார்.
உங்கள் வேலை என் உயிர், என் மண்வெட்டி அல்ல,
என்று பதில்.

ஒன்பது பதினொன்றுக்கு வந்தார். ஈரத் தலை.
உள்ளங்கையில் கொப்புளம், பேனா சரியாகப் பிடிக்கவில்லை.
தாமதத்துக்கு வருந்துகிறேன், என்றார்,
இதைப் பதிவில் சேருங்கள்.
சேர்த்தேன்.

அடுத்த வழக்கு ஒரு தபால்காரரின் ஓய்வூதியம்.
தன் முதல் கேள்வியையே
இரண்டு முறை என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னார்,
அன்றைக்கு மட்டும்.