ஆதரவு என்ற கட்டம்

நேற்றும் அடித்தேன்.
காத்திருக்கச் சொல்லி பியானோ வாசித்தார்கள்.
பியானோ முடியுமுன் வைத்துவிட்டேன்.

இன்று டிரக்கை வயலோரம் நிறுத்தி
எஞ்சினை அணைக்காமல்
(வடக்கு டகோட்டாவில் ஜனவரி; அணைத்தால் விரல் வராது)
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதியதை
மடியில் விரித்து மறுபடி அடித்தேன்.

"காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம்.
அஞ்சல் குறியீடு சொல்லுங்கள், ஐயா."
சளி பிடித்த இளம் குரல்.
சொன்னேன்.
பெயர்? ஆர்விட் நெஸ்ஸெட்.
இரண்டு எஸ்ஸா? எல்லா இடத்திலும் இரண்டு.

எந்த மசோதா?
ராணுவத்தில், என்று தொடங்கிச்
சீட்டைப் பார்த்தேன்.
என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை.

ஆதரவா, எதிர்ப்பா என்றாள்.

ஒரு சொல்லில் முடிந்திருக்கும்.
காரணமும் எழுதுவீர்களா என்று கேட்டுத் தொலைத்தேன்.
"சின்னதாக இடம் இருக்கிறது, ஐயா."

என் மகன் கர்ட். ஹெலிகாப்டர் மெக்கானிக். ஒன்பது வருடம்.
மணல் புகுந்த இயந்திரத்தை இருட்டில் தடவியே
கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான்.
அவன் பையில் ஒரு கடிதம் அகப்பட்டது.
எழுதியவன் பெயர் மார்லன்.
அவ்வளவுதான், சீருடையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

மறுமுனையில் தட்டச்சு ஓசை நின்றிருந்தது.

அவளிடம் சொல்லாதது:
யாரும் வாக்களிக்காமலே அந்தச் சட்டம்
எங்கள் வீட்டில் பதினான்கு வருடம் அமலில் இருந்தது.
நான் கேட்டதில்லை. அவன் சொன்னதில்லை.
நன்றி நவிலும் நாளில்
ஒரு நாற்காலி குறைவாகப் போட்டு
உருளைக்கிழங்கைக் கைமாற்றிக்கொண்டோம்.
மார்லனை "அறைத்தோழன்" என்றேன்,
"அந்தப் பையன்" என்றேன்.
பையனுக்கு முப்பத்தெட்டு வயது.

"மார்லன் உங்களுக்கு என்ன உறவு, ஐயா?"

படிவத்தில் இப்படியொரு கேள்வி இருக்காது.
அவளாகத்தான் கேட்டாள்.

கண்ணாடியில் ஆவியேறி வயல் மறைந்துபோயிருந்தது.
அங்கே கரிய மண்ணில்
பொறுக்காமல் விட்ட பீட்கிழங்குகள் உறைந்து கிடக்கும்.

மருமகன், என்றேன்.

என் வாயால் அந்தச் சொல் முதல் தடவை.
கேட்டது, இருநூறு மைல் தள்ளி
மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு பெண்.
"எழுதிக்கொண்டேன்" என்றாள். "வேறு ஏதாவது?"

ஆதரவு என்ற கட்டத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும்.
உறுப்பினர் எந்தப் பக்கம் கை தூக்குவார்
என்பது எனக்குத் தெரியும்.
மூன்று தேர்தலிலும் அவருக்குப் போட்டவன் நான்.

டீசல் முள் இறங்கியிருந்தது.
கர்ட்டின் எண்ணைத் தேடிச் சீட்டைத் திருப்பினேன்.
மருத்துவரின் கிறுக்கல் மட்டும்:
தினம் ஒன்று. காலையில்.