புடலைக்குக் கட்டிய பூட்டு

முத்தியால்பேட்டை, இரண்டாம் மாடி.
பால்கனி என்று பத்திரத்தில் எழுதியிருக்கும்
மூன்றடிக்கு ஐந்தடி.
வாஷிங் மெஷின் போக மிச்சத்தில்
ஒரு பெயின்ட் வாளி,
வானூரிலிருந்து ஸ்கூட்டரில்
காலிடுக்கில் வந்த செம்மண்.

புடலை மேலே ஏறும் என்றுதான் நினைத்தேன்.
அது கம்பி நுழைந்து கீழே இறங்கியது,
மோட்டார் பில் தகராறில்
எட்டு மாதமாய் முகம் பார்க்காத
அந்துவான் வீட்டு ஜன்னலுக்கு.

ராத்திரியில் பூ விரிந்ததை நான் பார்த்தேன்.
பிஞ்சை அவர்தான் பார்த்திருக்க வேண்டும்.

இன்று குனிந்து எட்டிப் பார்த்தால்
சுருளாமல் நேராகத் தொங்குகிறது காய்.
நுனியில் நூல்.
நூலில், கல் கிடைக்கவில்லை போலும்,
துருவேறிய சின்னப் பூட்டு.

வாளிக்குத் தண்ணீர் ஊற்றினேன்,
கொஞ்சம் அதிகமாகவே.
கீழே சொட்டியது.
யாரும் கத்தவில்லை.