ஒரு ரூபாய்ச் சத்தம்

சித்திரை ஞாயிறு, மத்தியானம் ரெண்டே கால்.
ஈரோட்டுப் பாசஞ்சர் போய் ஓய்ந்த நேரம்.
கூடத்தில் வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம்;
ஓடிப்போய்ப் பார்த்தால்
நாலு டைல்கள் தலையோடு தலை முட்டி
கூடாரமாய் நிற்கின்றன.
அடியில் ஒரு பூனைக்குட்டி படுக்கலாம்.

ஊத்துக்குளியில் வீடு கட்டி ஒன்றரை வருடம்.
அட்டையில் பத்து வருடம் என்று
தங்க எழுத்தில் போட்டிருந்தது.
கேஸ் புத்தகத்தோடு பத்திரமாய் வைத்திருந்தேன்.

கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான்.
ஷூவை வெளியே கழற்றினான், நல்ல பையன்.
ஒரு டைலைத் திருப்பிக் காட்டினான்:
நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று,
இட்லி ஊற்றியதுபோல் ஐந்து சிமென்ட் உருண்டை.
மிச்சமெல்லாம் காற்று.
"டைல்ல குத்தமில்லீங்க்கா. பதிச்சதுலதான்."
அட்டையைத் திருப்பினேன்.
எறும்பு ஊர்ந்த மாதிரி பின்பக்கம் எழுதியிருந்தது,
பதிப்பதில் நேரும் பிழைக்கு நிறுவனம் பொறுப்பல்ல.
நான் வாசிக்க வாசிக்க
அவன் உதடும் கூடவே அசைந்தது.

பதித்தவன் கொழுந்தனார் கூட்டிவந்த ஆள்.
சதுர அடிக்கு நாலு ரூபாய் குறைவு.
பில் கேட்கவில்லை. நம்பர் இருக்கிறது.
உபயோகத்தில் இல்லை என்று
ஒரு பெண் மூன்று மொழியில் சொல்கிறாள்.

நான் திருப்பூரில் செக்கிங்.
பதினாறு வருடமாய்க் குழந்தைச் சட்டைகளை
உள்வெளியாய்ப் புரட்டி
ஒரு தையல் தாண்டியிருந்தாலும்
சிவப்பு அம்புக்குறி ஒட்டுகிறவள்.

இந்தமுறை மூன்று பேரைக் கூப்பிட்டேன்.
முதல் ஆள் செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான்;
துடைத்த அன்று எந்தத் தரையும் மினுங்கும்.
ரெண்டாமவர்,
"நமக்குள்ள பேப்பர் எதுக்குங்க அம்மிணி" என்றார்.
போன தடவையும் நமக்குள்ளேதான் நடந்தது.
மூன்றாமவர் இருதயராஜ், தாராபுரம்.
விலையே சொல்லவில்லை.
மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி
மூலை மூலையாய்க் குனிந்தார்.
பெயர்த்த இடத்தில் பாலிதீன் தாள் விரித்து
ஓரம் ஒட்டி,
"நாளைக்கு வேர்த்திருக்கான்னு பாருங்க" என்று
வண்டியை எடுத்துவிட்டார்.
வேர்த்திருந்தது.
பத்து நாள் காயட்டும், அப்புறம் வருகிறேன் என்றார்.
வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார்.
எனக்கு அங்கேதான் பிடித்துப்போனது.

அதற்குள் குன்னத்தூர் போனேன்,
மூன்று வருடம் முன்பு அவர் பதித்த வீடு.
மயிலாத்தாள் என்றொரு அம்மா,
கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு.
தப்பா நெனச்சுக்காதீங்க என்று சொல்லி
ஒரு ரூபாய் நாணயத்தால் டைல் டைலாய்த் தட்டினேன்.
டிக். டிக். டிக்.
பால் நிரம்பிய செம்பின் சத்தம்.
சமையலறை வாசலில் ஒன்று மட்டும்
நிறம் அரைமாத்து வேறாய் இருந்தது.
"அது ரெண்டாம் மாசமே பேந்துக்கிச்சுங்க.
போன் பண்ணுனேன்,
பொழுதோட வந்து மாத்திக் குடுத்துட்டாரு."
பெயராத அத்தனையையும் விட்டுவிட்டு
அந்த ஒன்றை நம்பித்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

கோடு போட்ட தாளில் எழுதினோம்.
கூலியும் பசையும் ரெண்டு வருடம் அவர் பொறுப்பு.
டைலே கோணலென்றால் கம்பெனி.
கீழிருந்து ஈரம் ஏறினால்,
கட்டில் காலை இழுத்துக் கீறினால்
யாரும் இல்லை.
அந்த 'யாரும் இல்லை'யை
முன்பக்கத்திலேயே பெரிசாய் எழுதச் சொன்னது அவர்தான்.
கையெழுத்துக்குக் கீழே தன் நம்பர்.
அதற்கும் கீழே இன்னொன்று:
"நா எடுக்கலீன்னா சம்சாரத்துக்கு அடிங்க."

திங்கட்கிழமை.
கழுத்துப்பட்டி ஓரம் என் ஸ்டிக்கரை
ஒட்டிக்கொண்டிருக்கிறேன்: இருபத்தேழு.
அவ்வளவுதான் நான்.
ஏதோ குளிர்நாட்டில் ஒரு பொத்தான் கழன்று
பிள்ளை வாய்க்குப் போனால்
அந்தத் தாய் யாருக்கு அடிப்பாள்?
முடித்து வைத்த சட்டையை மறுபடி எடுத்துப்
பொத்தானை இழுத்துப் பார்த்தேன்.
சூப்பர்வைசர் அங்கிருந்து கத்தினார், ஏக்கா, பீஸ் தேங்குது.
இன்னொரு தடவை இழுத்தேன்.